பணயம் வளர்ந்த கதை

குதிரையை முன்வைத்துப் பணயம் கூறிய கதைகளுள் நம்மவர் நெடுங்காலமாகக் கேட்டுவரும் ஒன்று பாரதத்தின் தொடக்கத்திலேயே வருகின்றது. காசிப முனிவரின் மனைவியராகிய கத்துருவும் வினதையும் உச்சைச்சிரவம் என்னும் தெய்வக் குதிரையைத் தொலைவிற் கண்டனர். அதன் வாலும் வெள்ளையே என்றாள் வினதை. வால் மட்டும் கறுப்பு என்றாள் கத்துரு. தோற்றவள் வென்றவளுக்கு அடிமையாதல் வேண்டும் என்பது பணயம். உண்மையில் வால் வெள்ளைதான். ஆயினும் மறுநாள் இருவரும் அருகே சென்று பார்ப்பதற்குள், கத்துரு தன் மக்களாகிய நாகங்களை ஏவி அவ்வாலைச் சுற்றிக்கொள்ளச் செய்தாள். வால் கறுப்பாய்த் தோன்றியது. வினதை அடிமையானாள்.

இக்கதையிலே பலரும் கவனியாது விடும் செய்தி ஒன்றுண்டு. குதிரை ஓடுமா, வெல்லுமா என்று அவ்விருவரும் பணயம் வைக்கவில்லை. வாலின் நிறத்தைப் பற்றியே வைத்தனர். ஆகவே வஞ்சனையும் குதிரையின் காலை நாடவில்லை. வாலை நாடிச் சென்றது. விளையாட்டுப் பந்தயங்களின் வகைகள் பலவாகப் பெருகிய வரலாற்றை ஆராய்வோர்க்கு இது நல்லதொரு திறவுகோல். பந்தயம் எதைக் குறித்து எழுகின்றதோ, பொய்யும் அதனையே தேடிச் செல்லும். பந்தயத்தின் வகை மாறும்போது அதற்கான தரகுக் கூலியைக் கொடுப்பவன் யார், எவனை விலைக்கு வாங்கினால் இலாபம் என்பவையும் மாறிவிடுகின்றன.

புராணம் அவ்வாறிருக்க, எழுத்துச் சான்றுகளோடு இவ்வளர்ச்சியைத் தொடர்ந்து பார்க்க இடந்தரும் நாடு இங்கிலாந்து. பதினேழாம் நூற்றாண்டிலே நியூமார்க்கெட் என்னும் ஊரின் புல்வெளி அரசரும் பிரபுக்களும் கூடும் களமாயிற்று. இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் 1671 இல் அங்கே தாமே குதிரையேறி ஓடி வென்றார். அக்காலத்து ஓட்டம் பெரும்பாலும் இரு குதிரைகளுக்கிடையே நிகழ்வது. உமது குதிரை பெரிதா, எமது குதிரை பெரிதா என்று இரு பிரபுக்கள் வாதிடுவர். இருவரும் சமமான தொகையை நம்பிக்கையான மூன்றாமவர் ஒருவரின் கையிற் கொடுத்து வைப்பர். வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்வார். பின்வாங்கினால் முழுத் தொகையையோ, ஒத்துக்கொண்ட பகுதியையோ இழக்க வேண்டும். பந்தய வகைகளுள் மூத்தது இதுவே. இதிலே தரகர் இல்லை, கூலி இல்லை. ஒருவர் இழந்தது மற்றவர் பெற்றதற்குச் சரி.

துடுப்பாட்டமும், அதாவது கிரிக்கெட்டும், இவ்வாறே பிரபுக்களின் பணயப் பொருளாகத்தான் வளர்ந்தது. 1774 ஆம் ஆண்டில் திருத்தி எழுதப்பட்ட அதன் விதிகளுள் பந்தயம் பற்றியே சில விதிகள் இடம்பெற்றிருந்தன. ஓர் ஆட்டக்காரரின் ஓட்டத்தை மற்றோர் ஆட்டக்காரரின் ஓட்டத்தோடு ஒப்பிட்டுப் பணயம் வைத்தால், வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாதவிடத்து, இரண்டு இன்னிங்ஸ் ஓட்டங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கனவான்களின் விளையாட்டு என்று பிற்காலத்தார் போற்றிய ஆட்டத்தின் சட்டப்புத்தகம் பணயத்துக்கும் இடம் கொடுத்தே எழுதப்பட்டது என்பதைத் துடுப்பாட்ட அன்பர்கள் பலர் அறியார்.

பெரிய மாற்றம் குதிரையின் எண்ணிக்கையால் வந்தது. சென் லெஜர் ஓட்டம் 1776 இலும், ஓக்ஸ் 1779 இலும், டேர்பி 1780 இலும் தொடங்கின. இவற்றிலே பல குதிரைகள் ஒன்றாக ஓடின. இருவர் எதிரெதிர் நின்று வாதிடும் பழைய முறை இங்கே பொருந்தவில்லை. பத்துக் குதிரைகளுள் ஒன்றே வெல்லும் என்று ஒருவன் சொன்னால், அதற்கெதிராகச் சமமான பணம் வைக்க எவனும் தயங்கான், சொன்னவனே தயங்குவான். ஆகவே, 'இந்தக் குதிரை வென்றால் ஒன்றுக்கு ஐந்து தருகிறேன், அந்தக் குதிரை வென்றால் ஒன்றுக்கு இரண்டு தருகிறேன்' என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விகிதம் கூறி, வருவோர் எல்லோரிடமும் பணம் பெற்றுப் புத்தகத்திற் பதிந்துகொள்ளும் ஒருவர் தேவைப்பட்டார். அவரே புக்மேக்கர். நம்மூர்ப் பேச்சிலே புக்கி. 1790களில் நியூமார்க்கெட் வெளியில் நின்று இத்தொழிலை முதலிற் செய்தவர் ஹரி ஒக்டன் என்பவர் என நூல்கள் குறிப்பிடும்.

இத்தொழிலின் நுட்பம் புத்தகத்திலேதான் இருக்கின்றது. நேயர்கள் கையிலே ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நன்று. மூன்று குதிரைகள் ஓடுகின்றன என்று கொள்வோம். முதற் குதிரைக்குச் சமவிகிதம். ஒரு ரூபாய் கட்டினால் ஒரு ரூபாய் இலாபம். இரண்டாவதற்கு ஒன்றுக்கு இரண்டு; மூன்றாவதற்கு ஒன்றுக்கு நான்கு. முதற் குதிரையின்மீது 15 ரூபாவும், இரண்டாவதன்மீது 10 ரூபாவும், மூன்றாவதன்மீது 6 ரூபாவும் வந்து சேர்கின்றன. மொத்த வரவு 31 ரூபா. முதற் குதிரை வென்றால், கட்டிய 15 உடன் இலாபம் 15 சேர்த்து 30 கொடுக்க வேண்டும். இரண்டாவது வென்றால் 10 உடன் 20 சேர்த்து அதே 30. மூன்றாவது வென்றால் 6 உடன் 24 சேர்த்து மீண்டும் 30. எந்தக் குதிரை வென்றாலும் செலவு 30, வரவு 31. மிஞ்சிய ஒரு ரூபாய்க்குக் குதிரையின் காலோடு தொடர்பே இல்லை. குதிரையைப் பற்றி அறியாத ஒருவரும் கணக்கை நன்கு அறிந்திருந்தால் புக்மேக்கராகப் பிழைக்கலாம் என்பதற்கு இதுவே காரணம்.

நளன் கதையிலே இருதுபன்ன மன்னன் தான்றி மரத்தின் இரு கிளைகளைப் பார்த்து அம்மரத்தின் இலையையும் காயையும் கணக்கிட்டுச் சொல்லுகிறான். அவ்வித்தையோடு சூதின் மறையையும் நளனுக்குக் கற்பிக்கிறான். எண்ணும் வித்தையும் சூதும் ஒரே கையிலிருப்பவை என்று நம் முன்னோர் கண்டிருந்தனர் போலும்.

ஆனால் உலகம் அவ்வளவு ஒழுங்காகப் பணம் கட்டுவதில்லை. மக்கள் எல்லோரும் ஒரு குதிரையையே விரும்பிக் கட்டிவிட்டால், புத்தகம் ஒருபக்கம் சாய்ந்துவிடும். அக்குதிரை வென்றால் புக்மேக்கருக்குப் பெருநட்டம், தோற்றால் பெருஞ்செல்வம். இருவர் பணயத்திலே, எதிரியின் குதிரை தோற்றால்தான் ஒருவனுக்கு ஆதாயம். இங்கேயோ ஊரெல்லாம் விரும்பும் குதிரை தோற்பதிலே நிரந்தரமான ஆதாயமுள்ள ஒரு கூட்டம் தோன்றிவிட்டது. அதன் விளைவு விரைவிலே வெளிப்பட்டது. நியூமார்க்கெட்டிலே குதிரைகள் நீர் குடிக்கும் தொட்டியில் நஞ்சிட்ட குற்றத்துக்காக டானியல் டோசன் என்பவன் 1812 இல் கேம்பிரிட்ஜ் நகரிலே தூக்கிலிடப்பட்டான். அவன் உளவு பார்த்துத் துப்பு விற்றுப் பிழைத்தவன். குதிரைகள் தோற்பதிலே பணம் வைத்திருந்தோருக்காகவே அவன் நஞ்சிட்டான் என்பது வழக்கிலே தெரியவந்தது. தூக்குமேடை ஏறியது அவன் மட்டுமே.

எதிர்ப்புறத்து வஞ்சனையும் உண்டு. டேர்பி ஓட்டம் மூன்று வயதுக் குதிரைகளுக்கே உரியது. 1844 இல் 'ரன்னிங் ரெயின்' என்னும் பெயரில் ஓடி முதலாவதாக வந்தது, உண்மையில் வேறொரு பெயருடைய நான்கு வயதுக் குதிரை. ஜோர்ஜ் பென்ரிங்க் பிரபு அதனைத் துருவி ஆராய்ந்து அம்பலப்படுத்த, விடயம் நீதிமன்றம் சென்றது. விசாரித்த நீதிபதி குதிரையைக் கொண்டுவருக என்றார். குதிரையைக் கொண்டுவர முடியவில்லை. வெற்றி இரண்டாவதாக வந்த 'ஓர்லாண்டோ'வுக்கு அளிக்கப்பட்டது.

மறு ஆண்டு, 1845 இல், பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பணயக் கடனை நீதிமன்றத்தின் மூலம் அறவிட முடியாது என்பது அதன் சாரம். பந்தயம் குற்றமன்று, ஆனால் தோற்றவன் தர மறுத்தால் சட்டம் உதவாது. கனவான்கள் தம் மானத்துக்காகத் தருவர் என்று எண்ணினர். இச்சட்டம் நூற்றாண்டுகளைத் தாண்டி நின்று, 2007 இல்தான் பிரித்தானியாவிலே முற்றாக வழக்கொழிந்தது. இதன் உடனடி விளைவோ வேறு. கடன் வாங்கிப் பந்தயம் ஆடும் பிரபுவுக்குப் பதிலாக, கையிற் காசு வைத்துப் பந்தயம் ஆடும் எழுதுவினைஞரையும் கடைச் சிப்பந்தியையும் புக்மேக்கர்கள் நாடினர். இலண்டன் தெருக்களிலே பந்தய விகிதங்களைப் பட்டியலாகத் தொங்கவிட்ட கடைகள் பெருகின. 1853 இல் அக்கடைகளை மூடும் சட்டம் வந்தது. பிரபுக்கள் கூடிப் பந்தயம் பேசும் டாட்டர்சால் கூடமோ மூடப்படவில்லை. 1906 இல் தெருவிலே பந்தயப் பணம் வாங்குவதும் தடுக்கப்பட்டது. ஓட்டத் திடலிலே வாங்குவது தடுக்கப்படவில்லை. திடலுக்குச் செல்லும் நேரமும் வண்டிச் சத்தமும் உடையவன் செய்வது பொழுதுபோக்கு. அவை இல்லாதவன் செய்வது குற்றம். இவ்வோரவஞ்சனை நீங்க 1960 ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது. 1961 மே மாதத்திலே பந்தயக் கடைகள் மீண்டும் சட்டப்படி திறக்கப்பட்டன. சூதை ஒழிக்க வேண்டும் என்று ஓர் அரசு சட்டம் செய்யலாம். ஏழையின் சூதை மட்டும் ஒழிக்க வேண்டும் என்று செய்யும் சட்டத்துக்கு மதிப்பு நிலைப்பதில்லை.

ஆங்கிலேயரோடு குதிரை ஓட்டம் இலங்கைக்கும் வந்தது. கொழும்புக் காலிமுகத்திலே நடந்துவந்த ஓட்டங்கள் 1893 இலே கறுவாத்தோட்டத்துப் புதிய திடலுக்கு மாற்றப்பட்டன. இரண்டாம் உலகப் போரிலே அத்திடல் விமான ஓடுபாதையாயிற்று. 1950களிலே கொழும்பில் குதிரை ஓட்டம் முடிவுக்கு வந்த பின்னரும் நுவரெலியாவிலே அது தொடர்ந்தது. ஆயினும் இந்நாட்டு மக்களுட் பலர் பணம் கட்டியது கண்ணாற் காணும் குதிரைகளின்மீதன்று. இங்கிலாந்திலே ஓடும் குதிரைகளின்மீதே. அவ்வூர்களின் பெயரைப் பூகோள வகுப்பிலே கேட்டறியாதவரும் அஸ்கொட், எப்சம், டொன்காஸ்டர் எனப் பந்தயப் பத்திரிகை பார்த்துச் சரியாக உச்சரிப்பர்.

அத்தகையோர் எழுதிக் கொடுக்கும் சீட்டிலே காணும் வகைகள் மூன்று. 'வின்' என்றால் குதிரை முதலாவதாக வரவேண்டும். 'பிளேஸ்' என்றால் முதல் இரண்டு அல்லது மூன்று இடங்களுள் ஒன்றில் வந்தாற் போதும். எத்தனை இடம் என்பது ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 'ஈச் வே' என்பது இவ்விரண்டின் சேர்க்கை. ஈச் வே 10 ரூபாய் என்று எழுதினால் கட்ட வேண்டியது 20 ரூபாய். பலர் இதிலே முதல் நாள் ஏமாறுவர். பாதி வெற்றிக்கு, பாதி இடத்துக்கு. குதிரையின் விகிதம் ஒன்றுக்கு எட்டு, இடத்துக்கு அதிற் காற்பங்கு எனக் கொண்டால், அது இரண்டாவதாக வரும்போது வெற்றிக்குக் கட்டிய 10 போய்விடும். இடத்துக்குக் கட்டிய 10, 30 ஆகத் திரும்பும். முதலாவதாக வந்தால் 90 உம் 30 உமாக 120 கிடைக்கும். அஞ்சுகிறவனுக்கு ஆறுதல் தரும் பந்தயம் இது. ஆறுதலுக்கும் விலையுண்டு என்பது அந்தக் காற்பங்குக்குள் அடங்கியிருக்கின்றது.

புக்மேக்கரே இல்லாத வேறொரு முறை பாரிசு நகரிலே பிறந்தது. ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியாவிற் பிறந்து பாரிசில் வாழ்ந்த ஜோசப் ஒல்லர் என்பவர் 1860களின் பிற்பகுதியிலே அதனை அமைத்தார். பிற்காலத்திலே 'மூலான் ரூஜ்' என்னும் புகழ்பெற்ற களியாட்டரங்கைத் தோற்றுவித்தவருள் ஒருவரும் அவரே. 'பாரி மியூச்சுவல்' என்று பெயர் பெற்ற அம்முறையிலே விகிதம் கூறுவார் எவரும் இல்லை. எல்லோர் பணமும் ஒரு பொதுத்தொகையிற் சேரும். நடத்துவோர் அதில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வர். மீதி, வென்ற குதிரையின்மீது கட்டியோர்க்குப் பிரித்துக் கொடுக்கப்படும். பொதுத்தொகை 1,000 ரூபாய், கழிவு 100 ரூபாய், வென்ற குதிரையின்மீது கட்டப்பட்டது 300 ரூபாய் எனின், 900 ரூபாயை 300 ஆற் பிரிக்க, ரூபாய்க்கு 3 ரூபாய் கிடைக்கும். எந்தக் குதிரை வென்றாலும் நடத்துவோர்க்கு அதே 100 தான். ஆகவே ஒரு குதிரையைத் தோற்கச் செய்வதிலே அவர்களுக்கு ஆதாயமில்லை. பிரெஞ்சு அரசு இதன் அருமையைப் பின்னரே உணர்ந்தது. முதலில் ஒல்லரைச் சூதாட்டக் குற்றத்துக்காகத் தண்டித்தது. 1891 ஆம் ஆண்டின் சட்டத்திலே அவருடைய முறையையே ஓட்டத் திடல்களில் அனுமதித்து, புக்மேக்கர்களை விலக்கியது.

இம்முறையின் இடர்ப்பாடு கூட்டற் கணக்கு. ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையிற் பணம் கட்டும்போது ஒவ்வொரு குதிரைக்கும் சேர்ந்தது எவ்வளவு என்று கையாற் கூட்டி முடிப்பதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். அதனைத் தீர்த்தவர் ஜோர்ஜ் ஜூலியஸ் என்னும் பொறியியலாளர். பேராயர் ஒருவரின் மகன். அவுஸ்திரேலியாவிலே தேர்தல் வாக்குகளை எண்ணுவதற்கென ஓர் இயந்திரத்தை அவர் வகுத்தார். அதனை அரசு ஏற்கவில்லை. வாக்கை எண்ணுவதும் பணயச் சீட்டை எண்ணுவதும் இயந்திரத்துக்கு ஒன்றே என்று கண்டு, அதனைத் 'டோட்டலைசேற்றர்' ஆக்கினார். 1913 இல் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரத்து எல்லர்ஸ்லி திடலிலே அது முதன்முதல் இயங்கியது. கம்பிகளும் சக்கரங்களும் தொங்கும் பாரங்களும் நிறைந்து ஒரு கட்டடத்தையே அது அடைத்துக்கொண்டதாம். மக்களாட்சிக்கெனச் செய்த பொறி குதிரைப் பந்தயத்துக்குப் போய்ச் சேர்ந்ததைக் குறித்துப் பேராயர் என்ன எண்ணினாரோ!

பொதுத்தொகை முறை உதைபந்தாட்டத்துக்கும் பரவியது. 1923 இல் லிவர்பூல் நகரத்துத் தந்திப் பணியாளர் மூவர், அவர்களுள் ஜோன் மூர்ஸ் ஒருவர், மான்செஸ்டர் மைதானத்தின் வாயிலிலே 4,000 சீட்டுகளை வழங்கினர். திரும்பி வந்தவை 35 மட்டுமே. நண்பர் இருவரும் கைவிட்டனர், மூர்ஸ் கைவிடவில்லை. பின்னர் இலட்சக்கணக்கான குடும்பங்கள் வாரந்தோறும் அச்சீட்டை நிரப்பி அஞ்சலில் அனுப்பின. உதைபந்தாட்டத்துக்கு ரொக்கப் பணம் பெற்றுப் பந்தயம் நடத்துவதை 1920 ஆம் ஆண்டின் சட்டம் தடுத்திருந்தமையால், இந்த வாரப் பந்தயத்துக்கு அடுத்த வாரம் பணம் அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. எந்த ஆட்டங்கள் சமநிலையில் முடியும் என்று தெரிவு செய்வதே அதிலே பெரும்பரிசுக்கு வழி. ஒருவர் வெல்வதையோ தோற்பதையோ அன்றி, எவரும் வெல்லாமையையே பொருளாகக் கொண்ட பந்தயம் அது.

சிறுதொகை கட்டிப் பெருந்தொகை அடையும் ஆசைக்கு அமைந்த வேறொரு வகை தொடர்ப்பந்தயம். முதல் ஓட்டத்தின் வரவு முழுவதும் இரண்டாம் ஓட்டத்தின் பணயமாகும். அதன் வரவு மூன்றாவதற்குச் செல்லும். இரண்டைச் சேர்த்தால் 'டபிள்'. மூன்றைச் சேர்த்தால் 'டிரெபிள்'. அதற்கு மேலே 'அக்கியுமிலேற்றர்'. ஒவ்வொரு பந்தயத்திலும் நூற்றுக்குப் பத்து நடத்துவோர்க்குச் செல்வதாகக் கொண்டால், நான்கினைத் தொடுக்கும்போது செல்வது பத்தன்று. நூறு தொண்ணூறாகி, தொண்ணூறு எண்பத்தொன்றாகி, பின் 72.9 ஆகி, முடிவிலே 65.61 ஆகும். நூற்றுக்கு 34 க்கு மேல் கழிந்துவிடுகின்றது. பந்தயக் கடைகள் இவ்வகையை விளம்பரப்படுத்துவதற்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

எனினும் ஒருமுறை இவ்வகையே கடைக்காரர்மீது திரும்பிற்று. 1974 ஓகஸ்ட் 26 ஆம் நாள், வட இங்கிலாந்தின் கார்ட்மெல் என்னும் சிற்றூரில் 'கே பியூச்சர்' என்ற குதிரை ஓடவிருந்தது. அதன்மீது தனியே பெருந்தொகை கட்டினால் கடைகள் விழித்துக்கொள்ளும். ஆகவே சூழ்ச்சிக்காரர், வேறு இடங்களில் ஓடவேண்டிய இரு குதிரைகளோடு இதனை இணைத்து, இலண்டன் கடைகள் பலவற்றிலே டபிளும் டிரெபிளுமாகச் சிறுசிறு தொகைகள் கட்டினர். கடைக்காரர் மகிழ்ந்து வாங்கினர். மற்ற இரு குதிரைகளும் ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. விதிப்படி, கட்டிய பணம் அத்தனையும் கே பியூச்சர்மீது தனிப் பணயமாயிற்று. குதிரையின் கால்களிலே சோப்புத் தூளைப் பூசி, வியர்த்துக் களைத்ததுபோலத் தோன்றச் செய்திருந்தனர். அது 15 குதிரை நீளம் முந்தி வென்றது. விகிதம் ஒன்றுக்குப் பத்து. கடைக்காரர் பலர் பணம் தர மறுக்க, விடயம் பொலிசாரிடம் சென்று, சூழ்ச்சிக் குற்றம் தீர்ப்பாயிற்று. அபராதம் மிகச் சிறியது. கடைகள்மீது எவருக்கும் பெரிதாக இரக்கம் எழுந்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவிலே தோன்றிய வகையைப் பற்றி அவ்வாறு சிரித்துக்கொண்டு பேச இயலாது. பலமான அணியும் பலவீனமான அணியும் மோதும் ஆட்டத்திலே எவரும் பலவீனமான அணியின்மீது பணம் கட்டார். விகிதத்தை மாற்றுவதற்குப் பதிலாகப் புள்ளியை மாற்றினால் என்ன என்ற எண்ணம் 1940களிலே பரவியது. இதனை வகுத்தவர் எனப் பெரிதும் கூறப்படுபவர் சிக்காகோ நகரத்து சார்ள்ஸ் மெக்னீல். பள்ளிக்கூடங்களிலே கணிதம் கற்பித்துப் பின் பந்தயத் தொழிலுக்குச் சென்றவர். கல்வியுலகம் இழந்த ஆசிரியர்களுள் அவரையும் சேர்க்கலாம். இம்முறையிலே பலமான அணி 6 புள்ளிகளால் வெல்லும் என மதிப்பிட்டால், அதன்மீது கட்டியவன் வெல்வதற்கு அவ்வணி 6 க்கு மேற்பட்ட புள்ளிகளால் வெல்ல வேண்டும். நான்கு புள்ளிகளால் வென்றால் அணி வென்றது. பணம் கட்டியவன் தோற்றான். சரியாக ஆறு என்றால் பணம் திரும்பும்.

இதன் பொருளைச் சிறிது நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். முன்பெல்லாம் ஓர் ஆட்டக்காரனை விலைக்கு வாங்க வருபவன், 'உன் அணியைத் தோற்கச் செய்' என்று கேட்க வேண்டும். இளைஞன் எவனும் அதற்கு எளிதில் இணங்கான். இப்போதோ, 'வெற்றி பெறு. ஆனால் அதிகமாக வெற்றி பெறாதே' என்று கேட்டாற் போதும். கல்லூரி தோற்பதில்லை, நண்பர் வருந்துவதில்லை, பயிற்றுநர் ஐயுறுவதில்லை. மனச்சாட்சிக்குச் சொல்லும் சமாதானமும் ஆயத்தமாகவே இருக்கின்றது. நியூயோர்க் நகரக் கல்லூரி என்பது கட்டணமின்றிக் கல்வி தந்த நிறுவனம். குடியேறிய ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த இடம். அதன் கூடைப்பந்தாட்ட அணி 1950 இல் நாட்டின் இரு பெரும் சுற்றுப்போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்று புகழின் உச்சியை அடைந்தது. 1951 இலே அவ்வணியின் வீரர்களைப் பொலிசார் கைதுசெய்தனர். விசாரணை விரிய, ஏழு கல்லூரிகளைச் சேர்ந்த முப்பதுக்கு மேற்பட்ட மாணவர்கள் புள்ளிகளைக் குறைத்தாடப் பணம் பெற்றமை வெளியாயிற்று. பிள்ளைகள் கைவிலங்குடன் சென்றனர்; புள்ளிக் கணக்கைக் கற்பித்த பெரியோர்களுட் பலர் தத்தம் தொழிலைத் தொடர்ந்தனர்.

துடுப்பாட்டத்திலே இதே கதை வேறு உருவிலே நடந்தது. அவ்வாட்டத்துக்கு வெற்றி, தோல்வி என்னும் இரண்டோடு, முடிவின்மை என்னும் மூன்றாவது முடிவும் உண்டு. அதன்மீதும் பணம் கட்டலாம். 2000 ஜனவரியிலே தென்னாபிரிக்காவின் செஞ்சூரியனில் இங்கிலாந்துக்கெதிரான டெஸ்ட் ஆட்டம் மழையால் அழிந்து, முடிவின்றிப் போகவிருந்தது. தென்னாபிரிக்க அணித்தலைவர் ஹான்சி குரொன்யே, இரு அணியும் ஒவ்வோர் இன்னிங்ஸை விட்டுக்கொடுத்து ஆடி முடிவு காண்போம் என்றார். ஆட்டத்தின்மீது கொண்ட பற்று என்று பலர் மெச்சினர். இங்கிலாந்து இரண்டு விக்கெட்டுகளால் வென்றது. யார் வென்றாலும் சரி, ஏதேனும் ஒரு முடிவு வேண்டும் என்று பந்தயக்காரர் ஒருவர் விரும்பினார் என்பதும், அதற்காகப் பணமும் ஒரு தோற் சட்டையும் கைமாறின என்பதும் அவ்வாண்டின் விசாரணையில் வெளிவந்தன. தம் அணி தோற்க வேண்டும் என்றுகூட அவரிடம் எவரும் கேட்கவில்லை.

பத்தாண்டு கழித்து, 2010 ஓகஸ்டிலே, இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்திலே பாகிஸ்தான் பந்துவீச்சாளர் இருவர் வீசிய மூன்று நோபோல்கள், எந்த ஓவரில் எந்தப் பந்து என்று முன்னரே கூறப்பட்டிருந்தன. பொறி வைத்தவர் பத்திரிகை நிருபர் ஒருவர். கொடுத்த தொகை 150,000 பவுண். ஒரு நோபோலால் ஆட்டத்தின் முடிவு மாறுவதில்லை. அது குதிரையின் வால் போன்றது. அணித்தலைவர் சல்மான் பட், மொகமட் ஆசிப், மொகமட் ஆமிர் ஆகிய மூவரும் 2011 நவம்பரிலே இலண்டன் நீதிமன்றத்தில் முறையே 30, 12, 6 மாதச் சிறைத்தண்டனை பெற்றனர். ஆமிருக்கு அந்த ஆட்டம் நிகழ்ந்தபோது வயது 18. தலைவர் சொல்லை மீற முடியாத வயது எனப் பலர் இரங்கினர். கத்துருவின் கதையிலே இதற்கும் இடமுண்டு. வாலைச் சுற்றமாட்டோம் என்று மறுத்த நாகங்கள் சிலவும் இருந்தன. அவை வேள்வித் தீயில் வெந்தழிய வேண்டும் எனத் தாயே சபித்தாள்.

இன்றைய மின்வலை உலகிலே பந்தயம் ஒருவகையிலே பழைய நியூமார்க்கெட்டுக்குத் திரும்பியிருக்கின்றது. 2000 இல் இங்கிலாந்திலே தொடங்கிய 'பெற்பெயர்' என்னும் பந்தயச் சந்தையிலே விகிதம் கூறும் புக்மேக்கர் இல்லை. ஒருவர் வெல்லும் என்பார்; முகமறியாத மற்றொருவர் வெல்லாது என்பார்; நிறுவனம் இருவரையும் இணைத்துத் தரகு பெறும். ஆனால் பழைய பிரபுக்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். இங்கே எதிர்ப்புறத்தில் இருப்பவர், குதிரை இன்று காலை இருமியதைக் கேட்ட இலாயப் பணியாளராகவும் இருக்கலாம். 'வெல்லாது' என்னும் பக்கத்திலே பணம் வைப்பது முன்னர் பெரும்பாலும் புக்மேக்கருக்கே உரியதாயிருந்தது; இப்போது அது எவர்க்கும் திறந்துவிடப்பட்டது. அதனாலேயே உடைமையாளர் தம் சொந்தக் குதிரைக்கெதிராகப் பணம் வைத்தலாகாது என்னும் விதி குதிரையோட்ட ஆணையங்களுக்கு வேண்டியதாயிற்று. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த பந்து, அடுத்த ஓவர், அடுத்த மூலையுதை என்று பந்தயம் துண்டு துண்டாக நறுக்கப்படுகின்றது. அமெரிக்காவிலோ, பெரும்பாலான மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்துவந்த கூட்டரசுச் சட்டத்தை அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2018 இலே செல்லாததாக்கியது.

இலங்கைப் பாராளுமன்றம் 2019 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டத்தினால் விளையாட்டு முடிவுகளை விலைபேசுதலைக் குற்றமாக்கியது. பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அது இடந்தருகின்றது. ஆட்டக்காரரோடு பயிற்றுநர், நடுவர், மைதானத்தைப் பராமரிப்பவர் ஆகியோரிடமும் பந்தயக்காரரின் கண் செல்லக்கூடும். ஏனெனில் ஆடுகளம் எவ்வாறு அமையும், நாளை யார் விளையாடுவார் என்பவைகூட இன்று பணயப் பொருள்கள். சர்வதேசத் துடுப்பாட்டச் சபையின் ஒழுக்க விதிகளின்படி, பணம் தருவதாக ஒருவர் வந்து பேசியதை அறிவிக்காது மறைத்தலும் தண்டனைக்குரியது. பாடசாலைச் சீருடையோடு தேசிய அணிக்குத் தெரிவாகும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கும் அவ்விதி பொருந்தும்.